நான்கு பேர், 40 அடிப் படகு, ஒரு தண்ணீர்த் தொட்டி

கேள்வி: "நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகில் நான்கைந்து மாதம் வாழத் திட்டமிட்டிருக்கிறோம். பயிற்சி எடுத்திருப்பதால் கடலைப் பற்றிப் பயமில்லை. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவோமா என்பதுதான் கவலை. அப்படி வாழ்ந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்? கிதார் எடுத்துப் போகலாமா?"

கடலைப் பற்றிப் பயமில்லை என்பதை மறு பரிசீலனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும்போது அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும். மற்றபடி கவலைப்பட வேண்டியதற்குத்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

நான் ஒரு டிசம்பரில் மலேசியாவின் லங்காவியில் ஏறி, திருகோணமலை, காலி வழியாக மாலத்தீவின் தென்கோடியில் இருக்கும் அட்டு பவளத்தீவு வரை நாலரை மாதம் ஒரு 40 அடிப் படகில் இருந்தேன். நாங்கள் நான்கு பேர். படகின் தலைவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர், வயது அறுபதைத் தாண்டியவர். அவருடைய கணவர் அதிகம் பேசமாட்டார். எஞ்சினோடு மட்டும் பேசுவார். மூன்றாவது, 26 வயது டென்மார்க் இளைஞன். நான்காவது நான். தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊர்த் தோணிகளில் தலைவரைத் தண்டல் என்பார்கள். முதல் வாரத்திலேயே அந்த அம்மாளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டேன். அர்த்தம் சொன்னதும் அவருக்கும் பிடித்துப்போனது.

ஏறும்போது எனக்கு ஒரு இறுமாப்பு இருந்தது. இரண்டே அறை கொண்ட வீட்டில் ஒன்பது பேராக வளர்ந்தவன் நான். ஆளுக்கொரு அறையில் வளர்ந்த இந்த மூவரும் நெருக்கடியில் திணறுவார்கள், நான் சமாளித்துவிடுவேன் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். படகில் அதிகத் தொல்லை கொடுத்தவன் நான்தான், அதுவும் என் நல்ல குணங்களால். எப்படி என்று சொல்கிறேன்.

தண்ணீரில் தொடங்குகிறேன். எங்கள் தொட்டியில் 400 லிட்டர் பிடிக்கும். லங்காவியிலிருந்து திருகோணமலை சுமார் 1,100 கடல் மைல். எங்களுடையதைப் போன்ற படகு ஒரு நாளில் 120 கடல் மைல் போனால் நல்ல ஓட்டம். ஆகவே பத்து நாள் பயணம். ஆனால் பத்து நாளுக்குக் கணக்குப் போட்டுக் கிளம்புகிறவன் முட்டாள். பாய்மரம் முறியலாம், காற்று செத்துப்போகலாம். எனவே இருபது நாளுக்கு என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வருகிறது. குடிக்க, சமைக்க, பல் தேய்க்க, உப்பைக் கழுவ எல்லாம் அதில்தான். பாத்திரத்தைக் கடல் நீரில் தேய்த்துக் கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றுவோம். சோறு வைக்க மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கடல் நீர். உப்புப் போட வேண்டியதில்லை. குளிப்பதும் கடல் நீரில்தான், முடிவில் ஒரு குவளை. இதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. தெருக்குழாயில் அம்மா வரிசையில் நின்று பிடித்துவரும் குடங்களில்தான் எங்கள் வீடு ஓடியது.

டென்மார்க் இளைஞன் பல் தேய்க்கும்போது குழாயை ஓடவிடுவான். வேண்டுமென்று செய்யவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோகும் என்பதை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. முதல் நாளே பார்த்தேன். சொல்லவில்லை. சின்னப் பையன், வந்த இடத்தில் எதற்கு மனக்கசப்பு என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக என் பங்கிலிருந்து குறைத்துக்கொண்டேன். முதலில் கடைசிக் குவளைக் குளியல் போனது. பிறகு குடிப்பதிலும் கைவைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது; அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறாம் நாள் மதியம் வெயிலில் எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்டல் கையைப் பிடித்து நாடி பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். முன்னாள் செவிலியரிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவருக்கு வந்தது கோபம். தினமும் நண்பகலில் அவர் தொட்டிக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்த ஆறு நாளும் கணக்கு மிகச் சரியாக இருந்தது. நாளைக்கு இருபது லிட்டர், நான்கு பேருக்கு. ஒருவன் எட்டு லிட்டர் செலவழிக்கிறான், இன்னொருவன் இரண்டில் வாழ்கிறான் என்பதைக் குச்சி காட்டவில்லை. "நீ தியாகம் எதுவும் செய்யவில்லை. என் பதிவேட்டில் ஆறு நாள் பொய் எழுத வைத்திருக்கிறாய்" என்றார்.

இந்த நாலரை மாதத்தில் நான் கற்றது இதைத்தான் என்று சொன்னால் மிகையில்லை. மிச்சமெல்லாம் இதன் கிளைகள். ஒருவர் பொறுத்துக்கொள்கிற இடத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். எங்கள் வீட்டில் ஒன்பது பேர் சண்டையில்லாமல் இருந்தோம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அங்கே கடைசியில் குளித்தது யார், மிச்சத் தண்ணீரில் துவைத்தது யார் என்று அதுவரை யோசித்ததே இல்லை. அன்றிரவு காவலில் உட்கார்ந்துதான் யோசித்தேன்.

டென்மார்க் இளைஞனிடம் விஷயத்தைச் சொல்ல அரை நிமிடம் பிடித்தது. "ஓ" என்றான். குழாயை மூடினான். அவ்வளவுதான். அந்த "ஓ"-வுக்காகவா மயங்கி விழ இருந்தேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அடுத்தது தூக்கம். நான்கு பேர் என்றால் இரவுக் காவலை மூன்று மூன்று மணி நேரமாகப் பிரிப்பார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஆறு. நான்காவது ஆளுக்கு அன்று முழு இரவும் ஓய்வு. முறை சுழன்றுகொண்டே இருக்கும். தானியங்கிச் சுக்கான் படகை ஓட்டிக்கொள்ளும், காவலில் இருப்பவரின் வேலை கண்காணிப்பதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அடிவானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். பெரிய கப்பல் ஒன்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வந்தால், அதன் விளக்கு முதலில் கண்ணில் படுவதற்கும் அது நம் தலைமேல் வந்து நிற்பதற்கும் இடையே இருபது நிமிடம்தான் இருக்கும். பார்வை தெளிவில்லாத இரவில் அதைவிடக் குறைவு. சுமத்ராவின் வடமுனைக்கும் கிரேட் நிக்கோபாருக்கும் நடுவே, மலாக்கா நீரிணைக்குப் போகிற வருகிற கப்பல்கள் சாரிசாரியாக வரும் பாதையைக் கடந்த இரவுகளில் பத்து நிமிடம்கூட அதிகமாகத் தோன்றியது.

அதைத் தாண்டிய பிறகு ஓர் இரவில் எனக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்று. அடுத்தவர் தண்டலின் கணவர். பகலெல்லாம் எஞ்சினின் தண்ணீர்ப் பம்பைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு எழுப்பப் போனேன். முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. இன்னும் ஒரு முக்கால் மணி நேரம் தூங்கட்டுமே என்று திரும்பிவந்து உட்கார்ந்தேன். ஊரில் யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்புவது பாவம் அல்லவா? மூன்றரை மணி வாக்கில் எனக்குக் கண் சொருகியிருக்கிறது. விழித்தபோது வலப்பக்கம் ஒரு கப்பலின் இரண்டு வெள்ளை விளக்குகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நேர்க்கோட்டில். அப்படித் தெரிந்தால் அது நம்மை நோக்கியே வருகிறது என்று பொருள். சுக்கானைத் திருப்ப நேரம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாய் படபடத்த சத்தத்தில் மூவரும் மேலே வந்துவிட்டார்கள்.

தண்டலின் கணவர் அந்தப் பயணத்தில் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அப்போது வந்தது: "என்னை எழுப்பாமல் விட்டது இரக்கம் என்று நினைக்காதே, மூன்று மணிக்கு மேல் இந்தப் படகைப் பார்த்துக்கொள்ள விழித்த கண் ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் நாங்கள் மூவரும் தூங்கினோம்." தண்ணீர் விஷயத்தில் நான் செய்த அதே காரியம் என்பது எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கடிகாரத்தையும் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. மாலை ஐந்து மணிக்குத் தேநீர். நால்வரும் சேர்ந்து விழித்திருக்கும் ஒரே நேரம் அது. ஆளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், உறுத்துவதாக இருக்க வேண்டும், சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. பாய் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. பாயைச் சுருக்க வேண்டுமோ என்று முதல் தடவை தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். காற்று இருபது நாட் வேகத்தைத் தொடும்போது ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலை, முப்பதைத் தொட்டபின் இருவர் உயிரைப் பணயம் வைக்கிற வேலையாகிவிடும். தேநீர் நேரத்தை அந்தக் கணக்கில்தான் தண்டல் கொண்டுவந்தார்.

எனக்கு முதலில் அது பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம் போல இருந்தது. நம் வீடுகளில் குறையை முகத்துக்கு நேரே சொன்னால் அது சண்டை; சொல்லாமல் விட்டால் பண்பு. அதனால் முதல் மூன்று நாள் "எனக்கு ஒன்றுமில்லை" என்றேன். நான்காம் நாள் என்னைப் பற்றிச் சொன்னார்கள். கோபம் வந்தால் நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுகிறேனாம். அடுத்தவர் முறையில் வரும் வேலையை, அவர் வருவதற்குள் செய்து முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் உட்கார்ந்துகொள்கிறேனாம். அதைப் பார்த்தால் உதவி போலத் தெரியவில்லை, குத்திக்காட்டுவது போல இருக்கிறதாம். இவ்வளவையும் நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது அடியில் எதை மறைப்பது? பாத்திரம் பேசிவிடுகிறது.

அன்றுதான் காப்பி விஷயத்தைச் சொன்னேன். ஆறு மணிக்குக் காவல் முடிந்து நான் படுப்பேன். ஆறேகாலுக்கு டென்மார்க் இளைஞன் என் தலைக்கு இரண்டடி தள்ளி நின்று கையால் சுற்றும் இயந்திரத்தில் காப்பிக்கொட்டை அரைப்பான். மறுநாளிலிருந்து முந்தைய மாலையே அரைத்து வைத்துக்கொண்டான். மணம் குறைந்துவிட்டது என்று அட்டு வரை புலம்பினான், அது வேறு.

தனிமை பற்றிப் பலரும் கேட்பார்கள். கதவு இருக்கும், ஆனால் அரை அங்குலப் பலகைதான். அந்தப்பக்கம் மூச்சு விடுவது கேட்கும். கழிவறை என்பது கைப்பம்பு வைத்த ஒரு அலமாரி. யார் எத்தனை தடவை பம்பு அடிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் மட்டும் எங்கள் இரண்டறை வீடு கைகொடுத்தது. காதில் விழுந்ததை விழாததாக்குவதும், பக்கத்தில் ஒருவர் அழுதால் திரும்பிப் படுத்து அவருக்கு ஓர் அறையைக் கொடுப்பதும் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்டலுக்கு இதில் சிரமம் இருந்தது. யாராவது முகம் வாடியிருந்தால் உடனே என்னவென்று கேட்டுவிடுவார். "ஐந்து மணி வரை பொறுங்கள்" என்று ஒருநாள் நான் சொன்னேன். சிரித்துவிட்டார். குறையைச் சொல்ல அவர் எனக்குக் கற்றுத்தந்தார் என்றால், கேட்காமல் விட நான் அவருக்குக் கற்றுத்தந்தேன்.

உயிர் சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் தேநீரும் இல்லை, விவாதமும் இல்லை. இரவில் மேலே வருமுன், இன்னும் படியில் நிற்கும்போதே பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்ட வேண்டும். இன்னொருவரை எழுப்பாமல் முன்பக்கம் போகக் கூடாது. ஆறு நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். விழுந்தவனின் தலை அலைக்கு நடுவே தேங்காயளவுகூடத் தெரியாது, இரவில் அதுவும் இல்லை. இதில் தண்டல் சொன்னதுதான் சட்டம். எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவு செய்வோம் என்று நண்பர்கள் கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் மூவரில் தண்டல் யார் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துவிடுங்கள். படகுக்கு அதிகப் பணம் போட்டவர்தான் தண்டலாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சாப்பாட்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டைப் பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள், அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். டப்பாக்களின் தாள் உறையைக் கிழித்துவிட்டு மேலே மையால் எழுதுங்கள். நனைந்து உரிந்த தாள், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பை அடைக்கும். கழுவாத, குளிர்பெட்டியில் வைக்காத முட்டை வாங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. முட்டைக்கோஸ் நெடுநாள் தாங்கும். வாழைத்தாரை ஆசைப்பட்டுக் கட்டித் தொங்கவிட்டால் ஒரே நாளில் மொத்தமும் பழுக்கும், அப்புறம் மூன்று நாளுக்கு வாழைப்பழம்தான் சோறு.

திருகோணமலை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பத்தாம் நாள் விடியற்காலையில் கோணேசுவரர் கோயில் நிற்கும் பாறை முதலில் கண்ணில் பட்டது. பத்து நாள் தண்ணீரை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அந்தப் பாறை எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. கரை இறங்கியதும் படகின் வரிசையே மாறிப்போனது. அதுவரை நான்காவது ஆளாக இருந்தவன் நான். கடையில், சந்தையில், முச்சக்கர வண்டியில் எல்லாம் இப்போது நான்தான் வாய். காய்கறிக் கடைக்காரர் "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டுத் தூத்துக்குடி என்றதும் கிழங்கை நிறுத்துப் போட்ட பிறகு மேலே இரண்டு போட்டார். தண்டல் என் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையில் தனக்கு எதுவும் புரியவில்லை என்று அன்று மாலைத் தேநீரில் சொன்னார். அதுதான் அவருடைய ஒரு விஷயம். கடலில் பத்து நாள் நான் இருந்த நிலைதான் அது. இருவருமே அதற்குப் பிறகு ஒருவரையொருவர் கொஞ்சம் மெதுவாகப் பேசவிட்டோம்.

எத்தனை பேர் என்பதும் பெரிய விஷயம். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' 17 மீட்டர் படகு. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 254 நாளில் திரும்பியபோது அதில் ஆறு பெண் அதிகாரிகள். அதே படகில் 2024 அக்டோபர் 2 அன்று கிளம்பி 2025 மே 29 அன்று திரும்பியவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும். ஒரே படகு என்றாலும் இவை இரண்டு வேறு வாழ்க்கைகள். ஆறு பேரில் ஒருவரோடு மனத்தாங்கல் என்றால் மற்ற நால்வரிடம் போய் உட்காரலாம். இருவர் ஓட்டும் படகில் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கியாக வேண்டும். முறை மாறும் சில நிமிடங்களில் சொல்லிக்கொள்வதுதான் பெரும்பாலான நாட்களில் பேச்சே.

மூன்று என்பது நான் பார்த்தவரை எல்லாவற்றிலும் கடினம். மூவரில் எப்போதும் இருவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள், கெட்ட எண்ணமே இல்லாமல். மாலத்தீவில் எங்கள் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு படகில் மூன்று கல்லூரித் தோழர்கள் இருந்தார்கள். இரவு மூன்று மணி நேரக் காவலை எப்போதும் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். அதனால் அதே இருவர் தினமும் அந்திப்பொழுதில் சேர்ந்து விழித்திருந்தார்கள், மூன்றாமவர் அந்த நேரம் தூங்கினார். இரண்டு மாதத்தில் அந்த இருவருக்கும் தனியாக ஒரு நகைச்சுவை உலகமே உருவாகிவிட்டது. மூன்றாமவர் விமானமேறிப் போய்விட்டார். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை என்றுதான் இருவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆகவே உங்கள் காவல் வரிசையைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாகப் பணமும் கடவுச்சீட்டும். பொதுச் செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எரிபொருள், துறைமுகக் கட்டணம், சாப்பாடு என்று வாரம் ஒருமுறை கூட்டிப் பங்கு போடுங்கள். பீர் தனிக் கணக்கு. ஒவ்வொருவரும் எந்தத் துறைமுகத்திலும் இறங்கி ஊர் திரும்பப் போதுமான பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், அது இருப்பது மற்ற இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போக முடியும் என்று தெரிந்த ஆள்தான் இருக்க விரும்பி இருக்கிறார் என்று நம்ப முடியும். படகில் வந்து இறங்குகிறவர் நாட்டை விட்டு வெளியேறும் பொறுப்பைப் பல நாடுகளில் தண்டல் தலையில்தான் வைக்கிறார்கள், அதனால் அவருக்கும் இது நல்லது.

கிளம்புமுன் நான்கு நாள் கரையைத் தொடாமல் ஓர் ஓட்டம் போய்ப் பாருங்கள். துறைமுகத்தில் கட்டிய படகில் வார இறுதியைக் கழிப்பது கணக்கில் சேராது, அதில் எல்லோரும் நல்லவர்கள்.

கிதார் எடுத்துப் போங்கள். ஆனால் அது வாசிக்கிறவரின் படுக்கையில்தான் தூங்க வேண்டும், அவருடைய கால்மாட்டில், அவருடைய இடத்தை அடைத்துக்கொண்டு. ஒரு மாதம் கழித்தும் அவர் அதைக் கடலில் வீசவில்லை என்றால் நன்றாகத்தான் வாசிப்பார்.